குடும்ப நினைவுகளைக் கணினியில் ஆண்டுவாரியாக அடுக்குவது எப்படி?

பழைய ஃபோட்டோக்கள் ஆல்பத்தில், கடிதங்கள் ஒரு பெட்டியில், திருமண வீடியோ ஒரு டிவிடியில், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் முழுக்க நான்கைந்து பேருடைய ஃபோனில். பெரும்பாலான குடும்பங்களின் நினைவுகள் இப்படித்தான் சிதறிக் கிடக்கின்றன. இவற்றைக் கணினியில் ஒழுங்குபடுத்த நினைப்பவர்கள் முதலில் ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டுப் பார்ப்பார்கள். ஒரே படத்தில் ஆறு பேர் நிற்கும்போது அந்த முறை உடைந்துவிடும். நிகழ்ச்சிவாரியாகப் பிரித்தால் எந்த நிகழ்ச்சியிலும் சேராத படங்கள் 'இதர' என்ற ஒரு ஃபோல்டரில் போய்க் குவியும், நல்ல படங்கள் பலவும் அங்கேதான் கிடக்கும்.

ஆண்டு அப்படியில்லை. எந்தப் படத்துக்கும், எந்தக் கடிதத்துக்கும் ஒரே ஓர் ஆண்டுதான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஆண்டையே முதுகெலும்பாக வைத்துக்கொள்வோம். இதற்குத் தனியாக மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டரும் ஃபைல் பெயரும் போதும். உண்மையில் கடினமானது கணினி வேலை இல்லை, ஒரு படம் எந்த ஆண்டில் எடுத்தது என்று கண்டுபிடிப்பதுதான். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்று நம்மோடு இருக்கிறார்கள் என்றால், இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் ஓர் ஆண்டு அட்டவணை

ஒரு படத்தையும் தொடுவதற்கு முன்னால் எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆஃபிஸ் என்று ஏதாவது ஒன்றில் ஓர் அட்டவணை போடுங்கள். முதல் பத்தியில் ஆண்டுகள், குடும்பத்தின் நினைவு எட்டும் மிகப் பழைய ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை, வரிக்கு ஒன்றாக. பக்கத்தில் ஆறு பத்திகள்: அந்த ஆண்டு எந்த வீட்டில் குடியிருந்தோம், யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், யாருக்குத் திருமணம், பிள்ளைகள் எந்த வகுப்பு, பெரியவர்கள் என்ன வேலை. வீட்டுக்கு முதல் டிவி, முதல் வண்டி, முதல் தொலைபேசி வந்த ஆண்டுகளையும் ஒரு பத்தியில் போடுங்கள். பின்னால் ஒரு படத்தின் ஓரத்தில் அந்த டிவி தலைகாட்டும்போது இந்தப் பத்தியின் அருமை தெரியும்.

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் வயதுப் பத்தி ஒன்று வைத்துக்கொள்வது மிக உதவும். ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழிக்கும் ஒரு வரி சூத்திரத்தை எழுதி, கீழே வரை இழுத்துவிட்டால் போதும். ஒரு படத்தில் அண்ணனுக்கு ஏழு வயது இருக்கும் என்று தோன்றினால், அட்டவணையில் 7 என்ற எண்ணைத் தேடி இடப்பக்கம் பார்த்தால் ஆண்டு கிடைத்துவிடும்.

ஒரு தொழில்நுட்பச் சிக்கலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எக்செல் 1900 ஜனவரி 1-க்கு முந்தைய தேதிகளைத் தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். கொள்ளுத்தாத்தா 1896-இல் பிறந்தவர் என்றால் அந்த வரி மட்டும் வரிசைப்படுத்தும்போது தப்பான இடத்துக்குப் போய்விடும். ஆகவே ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் வெறும் எண்களாகப் போடுங்கள். மாதமும் நாளும் தெரியாத இடத்தில் காலியாக விடலாம் என்ற வசதியும் இதில் உண்டு.

அட்டவணையில் நிறைய இடம் காலியாகத்தான் இருக்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், போகப் போக நிரம்பும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள்

கணினியில் 'நினைவுகள்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, அதற்குள் 'வரவு' என்று இன்னொன்று திறங்கள். ஃபோன், பழைய லேப்டாப், பென் டிரைவ், மெமரி கார்டு என்று எங்கிருந்து எது வந்தாலும் முதலில் வரவுக்குள்தான் வர வேண்டும். எங்கிருந்து வந்தது என்பதை அந்தந்த ஃபோல்டர் பெயரில் எழுதுங்கள்: 'வரவு' ஃபோல்டருக்குள் 'அம்மா பழைய ஃபோன்', 'சித்தப்பா பென் டிரைவ்' என்கிற மாதிரி. இடம் மாற்ற வேண்டாம், காப்பி மட்டும் எடுங்கள். மூலம் அதே இடத்தில் அப்படியே இருக்கட்டும்.

சிடி, டிவிடி இருந்தால் அவற்றிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் எழுதிய டிஸ்க்குகள் நாள்பட நாள்படப் படிக்க முடியாமல் போகும். அவற்றைப் படிக்கும் கருவியும் இப்போது வரும் லேப்டாப்களில் இருப்பதில்லை. கேசட்டும் அப்படித்தான். டேப் ஓடும் நிலையில் இருக்கும்போதே கணினிக்கு ஏற்றிவிட வேண்டும்.

உறவினர்களிடம் படம் கேட்கும்போது ஒரு விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும், படம் எடுத்த தேதி போன்ற உள் விவரங்களும் போய்விடும். அதே படத்தை 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் மூலப் படம் அப்படியே வரும். இந்த ஒரு வரியைக் குடும்பக் குழுவில் போட்டு வைத்தால் பின்னால் பெரிய வேலை மிச்சம்.

கூகுள் ஃபோட்டோஸில் இருப்பவற்றை மொத்தமாக இறக்க 'டேக்அவுட்' என்ற வசதி இருக்கிறது. படங்களோடு கூடவே ஜேசான் என்ற சிறு ஃபைல்களும் வரும். வேண்டாத குப்பை என்று அவற்றை அழித்துவிடாதீர்கள். நீங்கள் அங்கே கையால் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் அவற்றில்தான் இருக்கும்.

ஒரே படம் மூன்று நான்கு முறை வந்திருக்கும். இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எல்லாம் ஆண்டு ஃபோல்டர்களில் சேர்ந்த பிறகு, டூப்குரு போன்ற இலவச மென்பொருள் இரட்டைகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். அப்போது எது பெரிய அளவோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாம்.

ஃபோல்டரும் பெயரும்

'நினைவுகள்' ஃபோல்டருக்குள் ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர்: 1962, 1963, 1986, 2004 என்று. பத்தாண்டுக்கு ஒன்று என இடையில் இன்னோர் அடுக்கு வேண்டாம். எண்பது ஆண்டுகள் இருந்தாலும் ஒரு உருட்டலில் பார்த்துவிடலாம். ஆண்டுக்குள் மாத ஃபோல்டர்களும் வேண்டாம், பழைய ஆண்டுகளில் பன்னிரண்டில் பத்து காலியாகவே கிடக்கும். ஒரு நிகழ்ச்சிக்கு நிறையப் படங்கள் இருந்தால் மட்டும் உள்ளே தனி ஃபோல்டர், இல்லையென்றால் ஆண்டுக்குள் சும்மா இருக்கட்டும்.

பெயரை எப்போதும் தேதியில் தொடங்குங்கள், அதுவும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்: '1986-06-14 திருமணம்'. நாம் கையால் எழுதும் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் வைத்தால் எல்லா ஆண்டுகளின் 1-ஆம் தேதிகளும் ஒன்றாக வந்து நிற்கும். ஆண்டை முதலில் வைத்தால் கணினி பெயர் வரிசையில் அடுக்கினாலே கால வரிசையும் கிடைத்துவிடும். 1988-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரமும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. மாதமும் நாளும் கட்டாயம் இரண்டு இலக்கம்: 6 அல்ல, 06. இடையில் சாய்கோடு போட முடியாது, விண்டோஸ் ஏற்காது. சிறு கோடு போடுங்கள்.

தேதி முழுதாகத் தெரியாதபோது தெரியாத இடத்தில் பூஜ்யம் வையுங்கள். ஆண்டு மட்டும் தெரிந்தால் '1986-00-00', மாதம் வரை தெரிந்தால் '1986-06-00'. இவை தம் ஆண்டின், தம் மாதத்தின் தலையில் போய் நிற்கும். ஆண்டே உத்தேசம் என்றால் பெயரின் கடைசியில் 'சுமார்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னால் சேர்த்தால் வரிசை குலையும். எண்பதுகள் என்பது மட்டும்தான் தெரியும் என்றால் '1980-1989' என்று ஒரு ஃபோல்டர். அது 1980-க்கு அடுத்தபடியாகத் தானாகவே வந்து உட்காரும். கேள்விக்குறி போட்டு வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் விண்டோஸில் ஃபைல் பெயருக்குள் கேள்விக்குறியும் வராது.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக வைக்கலாம், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறை வந்த பிறகு எல்லாக் கணினிகளும் தமிழ்ப் பெயர்களை ஏற்கின்றன. நீளத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'திருமணம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கோ எழுத்தோடு ஒட்டும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறி என்பதால் எட்டு. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் இடம், ஆக 24 பைட். லினக்ஸில் இயங்கும் சேமிப்புக் கருவிகள் பலவற்றில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. அதாவது தமிழில் ஐம்பது எழுத்தைத் தாண்டும்போதே சிக்கல் தொடங்கலாம். விண்டோஸில் ஃபோல்டர்களின் பெயர், ஃபைலின் பெயர் எல்லாம் சேர்ந்து 260 குறிகள் என்ற பழைய எல்லை இன்னும் பல மென்பொருள்களில் இருக்கிறது. ஆகவே பெயர் நான்கைந்து சொல்லுக்குள் நிற்கட்டும். மீதியை எழுத வேறு இடம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று, உறவுமுறையை மட்டும் பெயராக வைக்காதீர்கள். 'பெரியப்பா வீடு' என்று இன்று எழுதினால் உங்களுக்குப் புரியும். இருபது ஆண்டு கழித்துத் திறக்கும் உங்கள் பிள்ளைக்கு, அவர் யாருடைய பெரியப்பா என்ற கேள்வி வந்துவிடும். ஆளின் பெயரையே எழுதுங்கள். தாத்தா பெயரையே பேரனுக்கும் வைத்திருக்கும் குடும்பமாக இருந்தால் பெயரோடு பிறந்த ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணினி காட்டும் தேதியை எவ்வளவு நம்பலாம்?

டிஜிட்டல் படங்களை அடுக்குவது சுலபம் என்று நினைப்போம். பாதிதான் உண்மை. ஒரு படத்தோடு குறைந்தது மூன்று தேதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று, கேமரா படத்துக்குள்ளேயே எழுதிவைத்த எடுத்த தேதி. எக்சிஃப் என்ற இந்த முறை 1995-இல் வந்தது. இரண்டாவது, ஃபைல் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி. மூன்றாவது, ஃபைல் இந்தக் கணினியில் உருவான தேதி. மூன்றாவதைக் கண்டுகொள்ளவே வேண்டாம், விண்டோஸில் காப்பி செய்தாலே அது இன்றைய தேதியாக மாறிவிடும். இரண்டாவது ஒரு துப்பு, அவ்வளவுதான். படத்தைச் சுழற்றிச் சேமித்தாலே மாறிவிடக்கூடியது. முதல் தேதியைத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸில் படத்தின் மேல் வலது க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய், டீடெயில்ஸ் பகுதியில் 'டேட் டேக்கன்' என்ற வரியில் அது இருக்கும்.

அதுவும் தப்பாக இருக்கலாம். கேமராவின் பேட்டரி முழுக்கத் தீர்ந்து கடிகாரம் ஆரம்பத் தேதிக்குத் திரும்பியிருந்தால், 2009-இல் எடுத்த படங்கள் 2000 ஜனவரி என்று காட்டும். 1970 ஜனவரி 1, 1980 ஜனவரி 1 என்ற இரண்டு தேதிகளை எங்கே பார்த்தாலும் சந்தேகப்படுங்கள். யூனிக்ஸ் வகைக் கணினிகள் காலத்தை எண்ணத் தொடங்கும் நாள் முதலாவது, பழைய டாஸ் முறை எண்ணத் தொடங்கும் நாள் இரண்டாவது. தேதி காலியாக இருக்கும்போது இந்த நாட்கள்தான் வந்து நிற்கும். அன்று உண்மையில் யாரும் படம் எடுக்கவில்லை.

கடிகாரம் தவறியிருந்த படங்களைத் திருத்த ஒரு வழி உண்டு. அந்தத் தொகுப்பில் ஒரே ஒரு படத்தின் சரியான தேதி தெரிந்தால் போதும். பிறந்தநாள் படம் ஒன்று இருந்தால் அதை வைத்து வித்தியாசத்தைக் கணக்கிட்டு, மொத்தத் தொகுப்பையும் அதே அளவு நகர்த்திவிடலாம். டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் இதற்கு வசதி இருக்கிறது. கட்டளை தட்டப் பழகியவர்களுக்கு ஃபில் ஹார்வி எழுதிய எக்சிஃப்டூல் என்ற மென்பொருள் இன்னும் கைகொடுக்கும்.

வாட்ஸ்ஆப்பிலிருந்து வந்த படங்களின் பெயரில் 20190412 என்பதுபோல எட்டு இலக்கம் இருக்கும். அது படம் உங்களுக்கு வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் அல்ல. 1974-இல் எடுத்த படத்தை யாரோ ஃபோனில் பிடித்து 2019-இல் அனுப்பியிருந்தால் அதன் இடம் 1974 ஃபோல்டர்தான்.

அச்சுப் படங்களை ஸ்கேன் செய்தல்

ஸ்கேனர் இருந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது குறைந்தபட்சம், 600 வைத்தால் நல்லது. நாலுக்கு ஆறு அங்குலப் படம் 600-இல் 2400-க்கு 3600 புள்ளிகளாக வரும். பெரிதாக்கி முகங்களைப் பார்க்கவும் மறுபடி அச்சிடவும் அது தாராளம். பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200 கூட வைக்கலாம். நெகட்டிவ் இருந்தால் இன்னும் உயர்த்தி 2400-க்கு மேல் வைக்க வேண்டும், அதற்கு ஒளி ஊடுருவும் வசதியுள்ள ஸ்கேனர் தேவை.

டிஃப் வடிவத்தில் சேமித்தால் ஒரு தரமும் குறையாது, ஆனால் மேலே சொன்ன படம் ஒன்றே சுமார் 26 எம்பி எடுக்கும். என் தேர்வு இதுதான்: குடும்பத்துக்கு மிக முக்கியமான படங்களை டிஃப், மற்றதையெல்லாம் உயர்ந்த தரத்தில் ஜேபெக். ஜேபெக் படத்தைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் குறையும். ஆகவே மூலத்தைத் தொடாமல் அதன் பிரதியில் திருத்துங்கள்.

ஸ்கேனர் இல்லையென்றால் அதற்காக வேலையை நிறுத்த வேண்டாம். ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், ஃபோனை நேர் மேலே பிடித்து எடுத்தாலே பெரும்பாலான படங்களுக்குப் போதும்.

ஆல்பத்தில் இருக்கும் படங்களைப் பிரிப்பதற்கு முன் பக்கம் பக்கமாக முழு ஆல்பத்தையும் ஒரு முறை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதே ஆண்டைச் சொல்லும் சாட்சி. பிசின் தடவிய பக்கங்களில் ஒட்டிக்கொண்ட படங்களை இழுக்காதீர்கள். வரவில்லையென்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்து, ஒரே எண்ணில் 'முன்', 'பின்' என்று பெயர் வையுங்கள்.

ஸ்கேன் செய்த படத்தின் உள்ளே ஸ்கேன் செய்த நாள்தான் பதிந்திருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. டிஜிகேமில் எடுத்த தேதியாக 1986-ஐ எழுதிவிட்டால், எந்த மென்பொருளில் திறந்தாலும் அது சரியான இடத்தில் வரும்.

ஆண்டு தெரியாத படங்கள்

இந்த வேலையில் அதிக நேரம் எடுப்பதும் அதிக இன்பம் தருவதும் இதுதான். பின்பக்கத்தில் ஸ்டூடியோ அடித்த தேதி முத்திரை இருந்தால் நல்ல தொடக்கம். ஆனால் அது கழுவிப் பிரிண்ட் போட்ட நாள். 36 படங்கள் கொண்ட ஒரு ஃபிலிம் ரோல் முடிய மாதக்கணக்கில் ஆகியிருக்கும், கோடையில் தொடங்கிய ரோல் அடுத்த ஆண்டு கழுவப்பட்டிருக்கலாம். ஆகவே முத்திரையை, இந்தத் தேதிக்கு முன்னால் எடுத்தது என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

ரோல் என்பதே ஒரு துப்பு. ஒரே ரோலில் வந்த படங்களுக்குக் காகிதம், ஓரத்து வெள்ளை விளிம்பு, நிறச் சாயல் எல்லாம் ஒன்றாக இருக்கும். அவற்றில் ஒன்றின் தேதி தெரிந்தால் மற்றவற்றின் தேதியும் கிட்டத்தட்டத் தெரிந்த மாதிரிதான். நெகட்டிவ் பட்டை இருந்தால் ஓரத்திலுள்ள எண்கள் எது முதலில், எது பிறகு என்பதையும் சொல்லிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வீட்டுக்குள் எடுத்த படம், ஒரு பையன் சிரிக்கிறான், முன்பற்கள் இரண்டு இல்லை. பின்னால் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. 600 புள்ளியில் ஸ்கேன் செய்து காலண்டரைப் பெரிதாக்கினால் ஜூன் என்பதும், 1-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுவதும் தெரிகிறது. ஜூன் 1 ஞாயிறாக வந்த ஆண்டுகள் 1975, 1980, 1986, 1997. பையன் 1979-இல் பிறந்தவர் என்றால், 1975 தானாகவே போயிற்று. 1980-இல் கைக்குழந்தை, 1997-இல் பதினெட்டை நெருங்கிய இளைஞர். முன் பால்பற்கள் விழுவது பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில். ஆக 1986 ஜூன். யாரையும் கேட்காமலே மாதம் வரை வந்துவிட்டோம். கிழமையைச் சரிபார்க்கக் கணினியில் உள்ள காலண்டரையே பின்னோக்கிப் புரட்டலாம். சுவர்க் காலண்டரை அடுத்த மாதத்துக்குத் திருப்ப மறந்திருக்கலாம், ஆகவே மாதத்தில் ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம். ஆண்டு நிற்கும்.

துப்பு எதுவும் இல்லாத படங்களுக்குப் பெரியவர்கள்தான் கதி. இது எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் தெரியவில்லை என்றுதான் பதில் வரும். ஒப்பிட்டுக் கேளுங்கள். இது அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னாலா பின்னாலா, தம்பி பிறந்துவிட்டானா, தாத்தா அப்போது வேலையில் இருந்தாரா என்று கேட்டால் பதில் உடனே வரும். நீங்கள் போட்ட அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மூன்று கேள்விகளில் ஆண்டு பிடிபடும். படத்தைக் கையில் கொடுத்து, ஃபோனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அவரைப் பேச விடுங்கள். ஆண்டைக் கேட்கப் போய், படத்துக்கு வெளியே நின்றவர்கள் யார், படம் எடுத்தவர் யார் என்பதெல்லாம் வரும். ஒரு நாளைக்கு இருபது படங்களுக்கு மேல் காட்ட வேண்டாம், களைத்துவிடுவார்கள்.

இரண்டு பேர் இரண்டு ஆண்டு சொன்னால் அங்கேயே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் யார் சொன்னார் என்பதோடு எழுதி வையுங்கள். பின்னால் ஒரு கடிதமோ சான்றிதழோ கிடைக்கும்போது முடிவு தெரியும்.

ஆண்டுக் குறிப்பு

ஒவ்வோர் ஆண்டு ஃபோல்டரிலும் ஒரு சாதாரண எழுத்து ஃபைல் வையுங்கள், பெயர் '1986 குறிப்பு'. நோட்பேடு போதும். சேமிக்கும்போது குறிமுறை (என்கோடிங்) யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2019-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-இல் தானாகவே அப்படித்தான் இருக்கும். அதற்கு முந்தையதில் நாமே மாற்றாவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகப் போய்விடும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிய கடிதங்கள் இருந்தால், எழுத்துருமாற்றி மூலம் யூனிகோடுக்கு மாற்றி, அதையும் மூலத்தையும் சேர்த்தே வையுங்கள்.

இந்த ஃபைலில் என்ன எழுதுவது? முதலில் அட்டவணையில் அந்த ஆண்டுக்கு எதிரே இருப்பதை இரண்டு வரியாக எழுதுங்கள். அப்புறம் படங்களில் யார் யார், இடமிருந்து வலமாக. அதன் பிறகு, படமே இல்லாத நினைவுகள். எனக்கு இந்தப் பகுதிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கேமரா நல்ல நாட்களில் மட்டும்தான் வெளியே வந்தது. அப்பா வேலை இழந்த ஆண்டு, பாட்டி படுக்கையில் இருந்த மாதங்கள், தினமும் நடந்து போன பள்ளிக்கூட வழி, மாலையில் வீட்டில் கேட்ட சத்தங்கள், இவற்றுக்கெல்லாம் படம் கிடையாது. ஒரு ஆண்டுக்கு ஐந்து வரி எழுதினாலே போதும். 'அந்த வருஷம் வீட்டில் ஒரே ஒரு மேசை. சாப்பாடு முடிந்து துடைத்த பிறகுதான் வீட்டுப்பாடம்' என்று இரண்டு வரி எழுதிவிட்டால், பக்கத்திலுள்ள படத்தில் தெரியும் மேசை வேறாகிவிடும்.

ஒரு குழப்பம் இங்கே வரும். 2024-இல் பாட்டி பேசிய ஒலிப்பதிவு, பேசுவது 1962-ஐப் பற்றி. எந்த ஆண்டில் வைப்பது? ஒலிப்பதிவு 2024-இல் பிறந்தது, அதனால் அது 2024-இல் இருக்கட்டும். 1962 குறிப்பில், இந்த ஆண்டைப் பற்றிப் பாட்டி பேசியது 2024-இல் இந்தப் பெயரில் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாட்குறிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு நீண்டால் தொடங்கிய ஆண்டில் வையுங்கள். சான்றிதழ் கொடுத்த ஆண்டில். இன்றும் பயன்படும் அடையாள அட்டை, வங்கிக் காகிதங்களை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். இந்த ஃபோல்டர் ஒரு நாள் பல உறவினர்களின் கைக்குப் போகப்போவது.

ஃபோல்டர், ஃபைல் பெயர், எழுத்து ஃபைல் என்று எல்லாவற்றையும் இவ்வளவு எளிமையாக வைக்கக் காரணம் உண்டு. கூகுளின் பிகாசா மென்பொருளில் ஆல்பம் பிரித்து வைத்திருந்தவர்கள் ஏராளம். 2016-இல் அது நிறுத்தப்பட்டது. படங்கள் தப்பின, ஆனால் அந்த மென்பொருளுக்குள் மட்டும் செய்து வைத்திருந்த அடுக்கு பலருக்கு அப்படியே கைக்கு வரவில்லை. ஃபோல்டர் பெயரில் இருக்கும் அடுக்கு எந்த நிறுவனத்தையும் நம்பி இல்லை.

பிரதிகள்

ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் நினைவு எந்த நாளும் போய்விடக்கூடிய நினைவு. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதி இதற்குப் போதுமானது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, மூன்றாவது கிளவுடு என்ற இணையச் சேமிப்பிலோ வேறு வீட்டில் இருக்கும் உடன்பிறந்தவரிடமோ. கிளவுடோடு கணினியை இணைத்து வைத்திருந்தால், இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும். அழித்ததைச் சில வாரங்கள் வைத்திருக்கும் குப்பைத்தொட்டி அதில் உண்டுதான், ஆனால் யாரும் கவனிக்காமல் அந்தக் காலம் தாண்டிவிட்டால் போனதுதான். ஆகவே பிரித்து வைக்கும் வெளி டிஸ்க் கட்டாயம் வேண்டும்.

கூகுள் கணக்கை இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாவிட்டால் அதை உள்ளடக்கத்தோடு நீக்க அந்த நிறுவனத்தின் விதி இடம்கொடுக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. வயதான பெற்றோரின் கணக்கில் படங்கள் இருந்தால் இதை மனதில் வையுங்கள். 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்ற அமைப்பில், கணக்கு செயலற்றுப்போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும், யார் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே குறிக்கலாம்.

ஆண்டுக்கு ஒரு முறை ஒரு நாளைக் குறித்துக்கொண்டு மூன்று வேலைகளைச் செய்யுங்கள். முடிந்த ஆண்டின் படங்களைக் குடும்பத்தார் எல்லாருடைய ஃபோனிலிருந்தும் வரவுக்குக் கொண்டுவந்து அடுக்குங்கள். வெளி டிஸ்க்கில் புதியதைச் சேருங்கள். பிறகு அந்த டிஸ்க்கிலிருந்தே வெவ்வேறு ஆண்டுகளில் ஐந்தாறு ஃபைல்களைத் திறந்து பாருங்கள், ஒரு வீடியோவும் ஒரு குறிப்பும் உட்பட. டிஸ்க் வைக்கும் பெட்டிக்குள் ஒரு காகிதத்தில் இது என்ன, மற்ற இரண்டு பிரதிகள் எங்கே, கணக்கின் பொறுப்பு யாரிடம் என்று எழுதி வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அந்தப் பெட்டியைக் காட்டிவிடுங்கள்.